மல்லிகைக் கணக்குக்கு மூன்று கணினி: டேட்டாபேஸ் எழுதுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கட்டியது

சித்தப்பாவின் பூக்கமிஷன் கடைக் கணக்கு இப்போது மூன்று சின்னக் கணினிகளில் ஒரே சமயத்தில் ஓடுகிறது. ஒன்று மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக் கடையில், ஒன்று உசிலம்பட்டியில் பூ எடை போடுகிற இடத்தில், ஒன்று செல்லூர் வீட்டில். மூன்றில் எது படுத்தாலும் மற்ற இரண்டும் கணக்கை நடத்தும். போன மாதம் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்திய அன்று செல்லூர் கணினி பகல் முழுக்க அணைந்து கிடந்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் தானாக எழுந்து, விட்டுப்போன எடைச் சிட்டைகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, ராத்திரி கூட்டிப் பார்த்தபோது ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லாமல் நின்றது. இனி தைரியமாக எழுதலாம் என்று தோன்றியது அப்போதுதான்.

கட்டியது நான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் வழி சொன்னது மூன்று பேர். மூவருமே பல கணினிகளில் பரவி ஓடுகிற, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற (திறமூல) டேட்டாபேஸ்களில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் கூடல்நகரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற அண்ணன், தரவு டிஸ்கில் இறங்குகிற பகுதியை எழுதுகிறவர். இன்னொருவர் திருநகர் அக்கா, அவருடைய வேலையே டேட்டாபேஸை உடைத்துப் பார்ப்பது. மூன்றாமவர் தென்காசிக்காரர், போன் பழக்கம்தான், கணினிகளுக்கு நடுவே நகல் போகிற பகுதியைப் பார்க்கிறவர். எந்த டேட்டாபேஸ் போடலாம் என்றுதான் மூவரிடமும் ஆரம்பித்தேன். மூவருமே அதற்குப் பதில் சொல்லாமல் பூக்கடையைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகள்தான் இந்த வேலையின் உயிர் என்று இப்போது நினைக்கிறேன், அதனால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடைக் கணக்கு இப்படி. விடிவதற்கு முன்பே உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் பக்கத்து விவசாயிகள் பூ கொண்டுவருவார்கள். எடை போட்டு ஒரு சிட்டை: யார், என்ன பூ, எத்தனை கிலோ, எத்தனை மணி. அன்றைய வரத்தைப் பொறுத்து விலை காலைக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பதால் சிட்டையில் மணி முக்கியம். இன்னொரு பக்கம் அட்வான்ஸ். மார்கழி, தைப் பனியில் பூ குறைகிறபோதும், உரம் மருந்து வாங்கவும் கடையிலிருந்து பணம் போகும், அப்புறம் பூ வரும்போது கழித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் உசிலம்பட்டி நோட்டு தனி, கடை நோட்டு தனி. காலையில் அங்கே அட்வான்ஸ் வாங்கியவருக்கு மத்தியானம் இங்கேயும் பழைய பாக்கியைப் பார்த்தே பணம் கொடுத்துவிடுவதும், ராத்திரி போனில் இரண்டு நோட்டையும் ஒத்துப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வதும் வழக்கம்.

தென்காசிக்காரரிடம் இதைச் சொல்லி, மூன்று இடத்திலும் கணினி வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் இல்லையா என்றேன்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க தம்பி. உசிலம்பட்டியில நெட் போயிருச்சுன்னா அங்க எடை போடறத நிறுத்துவீங்களா?"

"எப்படிண்ணே நிறுத்தறது, பூவ வெச்சுக்கிட்டு வண்டி நிக்கும். வெயில் ஏறுனா மொட்டு விரிஞ்சிரும்."

"அப்போ மூணு மெஷின் போட்டாலும் அந்த நேரத்துக்கு உங்களுக்கு உதவாது."

எனக்கு இது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மூன்று கணினியில் இரண்டாவது ஒத்துக்கொண்டால்தான் ஒரு பதிவு நிற்கும், அதுதான் இந்த வகை டேட்டாபேஸின் பாதுகாப்பு. தனியாக அறுந்து நிற்கிற ஒற்றைக் கணினி எழுத மறுத்துவிடும், மறுக்கத்தான் வேண்டும். நான் எந்த இடத்துக்காக மூன்று வைக்க நினைத்தேனோ அந்த இடம்தான் லைன் அறுந்தால் முதலில் கை விரிக்கும். அப்படியானால் கவுச்டிபி மாதிரி, அறுந்தாலும் அங்கங்கே எழுதிக்கொண்டு பிறகு சேர்த்துக்கொள்கிற வகையைப் போடலாமே என்றேன். "சிட்டைக்கு அது சரி. ஆனா ஒரே ஆளோட அட்வான்ஸ் பாக்கிய ரெண்டு எடத்துல மாத்தி எழுதிட்டா, எது சரின்னு அப்புறம் யாரு முடிவு பண்றது? சித்தப்பாதானே?" என்று கேட்டார்.

அங்கேதான் வேலை இரண்டாகப் பிரிந்தது. சிட்டை என்பது ஒருமுறை எழுதினால் மாறாது, இரண்டு இடத்துச் சிட்டைகள் ஒன்றோடொன்று மோதாது, ஆகவே காத்திருக்கலாம். அட்வான்ஸ் பாக்கி மோதும், ஆகவே அது மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்ட பிறகுதான் மாற வேண்டும். சிட்டை முதலில் அந்தந்த இடத்துக் கணினியில் ஒரு தனி எஸ்க்யூலைட் கோப்பில் (ஒரே கோப்புக்குள் அடங்குகிற சின்ன டேட்டாபேஸ்) இறங்கும். ஒரு சின்ன நிரல் சில விநாடிக்கு ஒருமுறை அதைப் பொதுக் கணக்குக்குத் தள்ளிவிடும், லைன் இல்லையென்றால் தள்ளாமல் வைத்திருக்கும். அட்வான்ஸ் நேராகப் பொதுக் கணக்கில் மட்டும். ஒரு பேனா கூட எடுக்காமல் போனில் பேசிய பேச்சில் இது முடிவானது. இதற்கு முன்னாலேயே ஏதாவது ஒரு டேட்டாபேஸை நிறுவியிருந்தால் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டிருக்க வேண்டும்.

எது போடுவது என்பது அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. ஆர்க்யூலைட். எஸ்க்யூலைட்டை உள்ளே வைத்துக்கொண்டு ராஃப்ட் முறையில் நகல் எடுக்கிற சின்னத் திறமூல மென்பொருள், கோ மொழியில் எழுதியது, ஒரே ஒரு கோப்பை இறக்கி ஓட விடலாம், சின்னக் கணினிகளில் இருக்கிற ஏஆர்எம் சிப்புக்கும் கிடைக்கிறது. ராஃப்ட் என்பது டியேகோ ஒங்காரோவும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட முறை. கணினிகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்து, எல்லா எழுத்தும் அதன் வழியாகவே போகும். காக்ரோச்டிபி என்கிற பெரிய டேட்டாபேஸ் பற்றிக் கேட்டபோது கூடல்நகர் அண்ணன் உரிமக் கோப்பைத்தான் முதலில் திறந்து காட்டினார்: யாரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம் என்கிற அப்பாச்சி உரிமத்தில் ஆரம்பித்தது, 2019-இல் கட்டுப்பாடுள்ள உரிமத்துக்குப் போனது, 2024-இல் முழுக்க நிறுவனத்தின் சொந்த உரிமம். அதே வகையைச் சேர்ந்த யுகபைட்டிபி அப்பாச்சி உரிமத்திலேயே இருக்கிறது, ஆனால் எங்கள் கணக்குக்கு அது ரொம்பப் பெரிய வண்டி. மொத்தக் கணக்குமே சில பத்து எம்பிதான் என்பதால் மூன்று கணினியிலும் முழு நகல் இருப்பதே நல்லது என்றார்.

இனி கணினி. ராஸ்பெர்ரி பை 4 என்கிற ஒற்றைப் பலகைக் கணினி (சுருக்கமாக பை), 4 ஜிபி, மூன்று வாங்கினேன், ஒன்று 5,500 ரூபாய். முதலில் மெமரி கார்டிலேயே எல்லாவற்றையும் போட்டு ஓட்டினேன். மூன்றையும் மேசை மேல் ஒரே ஸ்விட்சில் மாட்டி வைத்தும் தலைவர் தேர்தல் சும்மா சும்மா நடந்தது, ஒரு சிட்டை எழுத சில சமயம் அரை விநாடி ஆனது. நெட்வொர்க் என்று நினைத்து கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தேன். கூடல்நகர் அண்ணனிடம் மூன்றையும் தூக்கிக்கொண்டு போனதும் அவர் கேபிளைத் தொடவே இல்லை, டிஸ்கின் வேகத்தை அளக்கிற ஃபியோ என்ற நிரலை நிறுவச் சொன்னார். 2,300 பைட் துண்டு துண்டாக மொத்தம் 22 எம்பி எழுத வேண்டும், ஒவ்வொரு துண்டும் டிஸ்கில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்று உறுதி கேட்டுக்கொண்டே எழுத வேண்டும். எட்சிடி டேட்டாபேஸ்காரர்கள் வைத்திருக்கிற அளவுகோல் இது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அந்த உறுதி 10 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். என் மெமரி கார்டில் 180 மில்லி விநாடி வந்தது.

"தலைவர் மெஷின் ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க்குகிட்ட போய் நின்னு உறுதி கேக்குது தம்பி. டிஸ்க் பதில் சொல்ல லேட்டாச்சுன்னா மத்த ரெண்டும் தலைவர் செத்துட்டார்னு நெனச்சுக்கும்."

உடனே நான் அந்த உறுதி கேட்பதை நிறுத்திவிட வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. அதைக் கேட்காமல் விட்டால் வேகம் வரும், கரண்ட் போனால் "எழுதிவிட்டேன்" என்று சொன்ன சிட்டை காணாமல் போகும் என்று சொல்லிவிட்டு, 2018-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸை எழுதுகிற குழுவில் வெடித்த விவகாரத்தை விளக்கினார். லினக்ஸில் அந்த உறுதி கேட்கும் அழைப்பு ஒருமுறை பிழை என்று திரும்பினால், மறுபடி கேட்கும்போது "சரி" என்று வந்துவிடலாம், ஆனால் தரவு டிஸ்கில் இருக்காது. பல வருடங்களாக எல்லோரும் மறுபடி கேட்டுப் பார்த்து நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அப்படிப் பிழை வந்தால் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, பதிவுக் கோப்பிலிருந்து மீட்டெடுக்கும்படி மாற்றினார்கள். இத்தனை பேர் பார்க்கிற, இத்தனை வயதான மென்பொருளிலேயே இது இருந்ததென்றால் நாம் டிஸ்கை நம்புவதற்கு முன் அளந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

120 ஜிபி எஸ்எஸ்டி மூன்று, ஒன்று 1,300 ரூபாய். யுஎஸ்பி-சாட்டா அடாப்டர் 450. டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். அதே ஃபியோ சோதனை 4 மில்லி விநாடிக்கு இறங்கியது, தேர்தல் நின்றது. ஒரு அடாப்டர் மட்டும் அடிக்கடி துண்டித்துத் துண்டித்துச் சேர்ந்தது. அதில் இருந்த சிப் பையோடு வேகமான யுஎஸ்பி முறையில் ஒத்துப்போகவில்லை. பை எழும்போது படிக்கிற தொடக்க வரியில் அந்த முறையை அணைக்கவும் வழி உண்டு, நான் அடாப்டரையே மாற்றிவிட்டேன். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் பின்னால் தேடுகிறபோது ஒரு சந்தேகம் குறையும்.

பவர் அடுத்த தலைவலி. எஸ்எஸ்டி மாட்டியதும் போன் சார்ஜர் போதவில்லை. பையில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது குறித்துவைக்கும், கட்டளை கொடுத்துக் கேட்டால் சொல்லும். இரண்டு கணினி "இறங்கியது" என்று சொன்னது. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர், ஒன்று 650 ரூபாய், போட்டதும் சரி. உசிலம்பட்டியில் இன்வெர்ட்டர் கிடையாது. அங்கே 12 வோல்ட் 18 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, 2,400, சார்ஜர் 700, வோல்டேஜைக் குறைக்கிற பலகை 250. பலகையை மல்டிமீட்டர் வைத்து 5.1-க்குத் திருகினேன், பையை ஓட விட்டுக்கொண்டே திருக வேண்டும், சுமை இல்லாமல் வைத்தால் மாட்டியதும் இறங்கிவிடுகிறது. ரூட்டரும் அதே பேட்டரியிலிருந்துதான். இரண்டும் சேர்ந்து 14 வாட் அளவுக்கு இழுக்கிறது, பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் கணக்குப் போட்டால் ஏழரை மணி நேரம் வர வேண்டும். சோதித்ததில் ஆறு மணி நேரம் தாண்டியது, அதோடு நிறுத்திவிட்டேன், பேட்டரியைக் காலி செய்து பார்க்க மனசு வரவில்லை.

கடிகாரத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, திருநகர் அக்காதான் கேட்டார். பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தபின் நெட் இல்லையென்றால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். ராஃப்ட் சரியாக இருப்பதற்குச் சுவர்க் கடிகாரம் தேவையில்லை, ஆனால் எங்கள் சிட்டையில் மணியை வைத்துத்தான் விலை. விலை ஏறின நேரத்துப் பூவுக்குப் பழைய விலை போட்டால் விவசாயிக்கு நஷ்டம். காக்ரோச்டிபி இதில் எவ்வளவு கறார் என்று அக்கா சொன்னார்: கடிகாரங்கள் அதிகபட்சம் 500 மில்லி விநாடி விலகலாம் என்பது அதன் இயல்பு அளவு, பாதிக் கணினிகளோடு ஒப்பிடும்போது அதில் 80 சதவீதத்தைத் தாண்டி விலகிவிட்டதாகத் தெரிந்தால் அந்தக் கணினி தானாகவே நின்றுவிடும். "தப்பான நேரத்தோட ஓடறதுக்கு நின்னு போறது மேல்னு முடிவு பண்ணிருக்காங்க. உங்க கடைக்கு எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க."

டிஎஸ் 3231 கடிகாரப் பலகை மூன்று வாங்கினேன், ஒன்று 180 ரூபாய். 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குதான் பிசகும், வருடத்துக்கு ஒரு நிமிடம். எங்கள் ஊர்ச் சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் 40 தாண்டும், அப்போது 3.5 பங்கு வரை போகலாம், அதுவும் போதும். ஒரு எச்சரிக்கை: இந்தப் பலகைகளில் பெரிய வகையில் பேட்டரியை சார்ஜ் செய்கிற சுற்று இருக்கிறது. கடையில் கிடைக்கிற சாதாரண சிஆர் 2032 பட்டன் பேட்டரி சார்ஜ் ஏறக்கூடியது இல்லை. 5 வோல்ட்டில் மாட்டினால் உப்பிவிடும், வெடிக்கவும் செய்யலாம். டயோடுக்குப் பக்கத்தில் 201 என்று எழுதிய சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிட்டேன், மின்சாரமும் 3.3 வோல்ட் பின்னிலிருந்தே கொடுத்தேன். பையின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, சேமித்த நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய போலிக் கடிகார நிரலை நீக்கியதும் வேலை முடிந்தது.

அடுத்தது மூன்று இடத்தையும் இணைப்பது. உசிலம்பட்டிக்கும் மாட்டுத்தாவணிக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர், ஆனால் வழித்தடத்தைப் பார்த்தால் தகவல் சென்னை போய்த் திரும்புகிறது, போய் வர 30 மில்லி விநாடி பக்கம். தலைவரிடமிருந்து தகவல் வராவிட்டால் தேர்தலுக்குப் போவதற்கு முன் ஆர்க்யூலைட் காத்திருக்கிற இயல்பு நேரம் 1 விநாடி என்பதால் இது பிரச்சினை இல்லை. மூன்றையும் இணையம் வழியாகவே ஒரு தனிப் பாதுகாப்பான வலையாக இணைக்கிற வயர்கார்டு போட்டேன். செல்லூர் வீட்டு இணைப்பில் மட்டும் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) இருந்ததால் மற்ற இரண்டும் செல்லூர் வழியாகவே பேசும்படி வைத்தேன். நன்றாக ஓடியது. படம் வரைந்து தென்காசிக்காரருக்கு அனுப்பினேன். ஒரு வரி பதில் வந்தது: "செல்லூர்ல கரண்ட் போனா?"

போனால் கடையும் உசிலம்பட்டியும் உயிரோடு இருந்தும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. மூன்று கணினி வைத்தும் ஒரே ஒரு வீட்டு ஃப்யூஸில் மொத்தக் கணக்கும் தொங்குகிறது. வருடத்துக்கு 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டிக் கடை இணைப்புக்கும் நிலையான ஐபி வாங்கினோம். இப்போது எந்த இரண்டை எடுத்தாலும் ஒன்றிலாவது வெளியிலிருந்து தொடக்கூடிய முகவரி இருக்கிறது. உசிலம்பட்டிக்கு அப்படிப்பட்ட முகவரி கிடையாது, அதனால் அதுவே 25 விநாடிக்கு ஒருமுறை மற்ற இரண்டுக்கும் ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும்.

இதற்கு மேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உண்மையான கணக்கைப் போடுவதற்கு முன் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். அவர்கள் துறையில் 2013 முதல் ஜெப்சன் என்று ஒரு சோதனை முறை இருக்கிறது, கைல் கிங்ஸ்பரி ஆரம்பித்தது. பெரிய பெரிய டேட்டாபேஸ்கள் தங்கள் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறதா என்று கேபிளை அறுத்தும் கடிகாரத்தை நகர்த்தியும் பார்த்து, என்ன கண்டார்களோ அதை வெளிப்படையாக எழுதிவிடுவார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், இரண்டு சோதனை போதும் என்றார். ஒன்று, மூன்று இடத்திலிருந்தும் எண் போட்ட சிட்டைகளை எழுதிக்கொண்டே இருப்பது, "சரி" என்று பதில் வந்த எண்களை மட்டும் நான்காவது ஒரு கணினியில் குறித்துக்கொள்வது, கடைசியில் குறித்தது எல்லாம் கணக்கில் ஒரே ஒருமுறை இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, பத்து பொய் விவசாயிகளுக்குள் பணத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, மொத்தத் தொகை எப்போதும் ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்ப்பது.

நான்காவது கணினி என் பழைய லேப்டாப். முதலில் தலைவரின் ப்ளக்கைப் பிடுங்கினேன். இரண்டு மூன்று விநாடி எல்லா எழுத்தும் பிழை, அப்புறம் புதுத் தலைவர், ஓட்டம் தொடர்ந்தது. "சரி" என்று சொன்ன எந்தச் சிட்டையும் தொலையவில்லை. ஆனால் சில சிட்டைகள் இரண்டு முறை இருந்தன. பதில் வருவதற்குள் தலைவர் அணைந்ததால் என் நிரல் அதே சிட்டையை மறுபடி அனுப்பியிருக்கிறது, முதல் தடவையே அது ஏறிவிட்டது என்பது நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. பிழை என்று வந்தால் எழுதவில்லை என்று அர்த்தம் கிடையாது, தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இதை மூவருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருந்தார்கள், கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது. இப்போது ஒவ்வொரு சிட்டைக்கும் எடை போடும்போதே இடத்தின் எழுத்து, தேதி, வரிசை எண் சேர்ந்த ஓர் எண் பிறந்துவிடும், அதுவே முதன்மைச் சாவி, ஏற்கெனவே இருந்தால் சும்மா விட்டுவிடு என்று கட்டளை. எத்தனை தடவை அனுப்பினாலும் ஒன்றுதான் நிற்கும்.

பணச் சோதனையில் வேறொன்று பிடிபட்டது. பாக்கியைப் படித்துப் பார்த்து, வரம்புக்குள் இருந்தால் அட்வான்ஸை எழுது என்று இரண்டு படியாக வைத்திருந்தேன். கடையிலும் உசிலம்பட்டியிலும் ஒரே நொடியில் படித்தால் இருவருக்கும் வரம்பு இருப்பதாகத் தெரியும், இருவரும் எழுதுவார்கள். பழைய நோட்டுக் காலத்துப் பிரச்சினையேதான், மூன்று கணினி வாங்கிய பிறகும்! வரம்பைப் பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்கியதும் போய்விட்டது. டேட்டாபேஸ் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்கு முன்னால் நாம் எழுதுகிற நிரலில் இந்த ஓட்டை இருந்தால் அது காப்பாற்றாது.

ஆர்க்யூலைட்டில் எழுத்துகளை வரிசையில் போட்டுவிட்டு உடனே "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்கிற வேகமான வசதி ஒன்று உண்டு. போட்டுப் பார்த்தேன், வேகம் பல மடங்கு, ப்ளக்கைப் பிடுங்கியதும் சிட்டைகள் தொலைந்தன. ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், ஒளிக்கவில்லை. வேறு வேலைக்கு நல்லது, பணக் கணக்குக்கு வேண்டாம்.

"ஒரு பக்கம் மட்டும் அடைச்சுப் பாருங்க," என்றார் அக்கா. அதாவது கடையும் உசிலம்பட்டியும் ஒன்றையொன்று பார்க்க முடியாது, இரண்டுமே செல்லூரைப் பார்க்க முடியும். 2020 நவம்பரில் கிளவுட்ஃப்ளேர் என்கிற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு ஸ்விட்ச் பாதி செத்தும் பாதி உயிரோடும் இருந்ததால் எட்சிடியில் தலைவர் தேர்தல் திரும்பத் திரும்ப நடந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் சிக்கல் நீடித்ததை அவர்களே எழுதியிருக்கிறார்கள், அந்த மாதிரி. ஃபயர்வாலில் விதி போட்டு அடைத்தேன். சிறிது நேரம் தலைவர் பதவி இங்கும் அங்கும் ஆடியது, எழுத்து தடைப்பட்டது, பிறகு நிலைத்தது. தொகை மாறவில்லை. நிற்பது பரவாயில்லை, தப்பாக எழுதுவதுதான் கூடாது என்பதால் இதை அப்படியே விட்டேன்.

உசிலம்பட்டி தனியாக அறுந்து நிற்கும்போது அட்வான்ஸ் கொடுக்க முடியாது என்று திரையில் வரும். சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஏன்டா, நெட் இல்லேன்னா ஒரு அவசரத்துக்குக் கூட ஆளுக்குப் பணம் குடுக்கக் கூடாதா?"

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, இது டேட்டாபேஸ் கேள்வி கிடையாது, முதலாளி கேள்வி என்றார். கணினி விஞ்ஞானி எரிக் ப்ரூவர் 2012-இல் ஏடிஎம்மை உதாரணமாக வைத்து இதையே எழுதியிருக்கிறாராம்: தொடர்பு அறுந்த ஏடிஎம் முழுக்கக் கை விரிக்காமல் ஒரு சின்னத் தொகை வரை கொடுக்கலாம், வங்கி அந்த அளவு நஷ்டத்துக்குத் தயாராக இருக்கிறது. சித்தப்பா யோசித்து, லைன் இல்லாத நேரத்தில் ஓர் ஆளுக்கு 500 ரூபாய் வரை என்றார். அதற்கு மேல் வேண்டுமென்றால் கடைக்குப் போன். அந்த 500 சிட்டை மாதிரியே உள்ளூர்க் கோப்பில் இறங்கி, லைன் வந்ததும் ஏறும், வரம்பு மீறியிருந்தால் சிவப்பில் காட்டும்.

மூன்று நகல் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். தப்பாக ஒரு வரியை அழித்தால் அது மூன்றிலும் ஒழுங்காக அழியும். தினமும் ராத்திரி ஒரு முழு எஸ்க்யூலைட் கோப்பு தனியாக எடுத்து லேப்டாப்புக்கும், வாரம் ஒருமுறை பென்டிரைவுக்கும் போகிறது. அதை வைத்து லேப்டாப்பில் கணக்கை மீட்டுத் திறந்து பார்த்தும் விட்டேன். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கூடல்நகர் அண்ணன் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

செலவு: மூன்று பை, எஸ்எஸ்டி, அடாப்டர், பவர், கடிகாரம் எல்லாம் 24,240. உசிலம்பட்டி பேட்டரி ஏற்பாடு 3,350. ஆக 27,590 ரூபாய். மெமரி கார்டுகளுக்கும் மாற்றிய அடாப்டருக்கும் போன 1,650 தனி.

மறுபடி செய்வதாக இருந்தால் பையை வாங்க மாட்டேன். ஆபீஸ்களில் கழித்துவிடுகிற சின்ன கணினிகள் பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் சாட்டா நேராக இருக்கும், கடிகாரப் பேட்டரியும் உள்ளேயே இருக்கும், நான் தனித்தனியாகச் சண்டை போட்ட இரண்டு விஷயம் அங்கே கிடையாது. மின்சாரம் மட்டும் கொஞ்சம் கூட இழுக்கும், உசிலம்பட்டிக்குப் பெரிய பேட்டரி வேண்டியிருக்கும். செல்லூர்க் கணினியை இன்வெர்ட்டர் லைனில் போடுவதும் பாக்கி, எலெக்ட்ரீஷியன் வரேன் வரேன் என்கிறார்.

இப்போது எடையைக் கையால்தான் தட்டுகிறார்கள். 12.650 என்பது 12.560 ஆகிவிட்டால் மூன்று கணினியும் சேர்ந்து அந்தத் தப்பைப் பத்திரமாகக் காப்பாற்றும். உசிலம்பட்டி எலக்ட்ரானிக் தராசின் பின்னால் சீரியல் போர்ட் இருக்கிறது, யுஎஸ்பிக்கு மாற்றுகிற கேபிள் வாங்கிவைத்திருக்கிறேன். தராசு என்ன வேகத்தில், எந்த வடிவத்தில் எடையை அனுப்புகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பூ வரத்து குறைகிற ஒரு நாளில் உட்கார வேண்டும்.